எழுதி அழித்தவை

அலுவலகக் கூட்டம் என்றால் மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆவுடைக்குத் திருவிழாவுக்குக் கிளம்புகிற குஷி வரும். திங்கட்கிழமை பத்து மணிக்கு இணையப் பலகை திறக்கிறதென்றால், ஒன்பதரைக்கே இட்லியை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் தன் கருவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அவளுடைய கணவன் பால்வண்ணன் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளன். "ஏளா, சம்பளம் குடுத்து உக்கார வெச்சாலே கூட்டத்துல தூங்குதானுவ. நீ என்னமோ பொண்ணு பாக்க வாராங்கங்கிற மாதிரி தலை சீவிட்டு உக்காந்திருக்க" என்று கேலி செய்துவிட்டு வண்டியை எடுப்பான்.

அந்தக் குஷிக்கு ஒரு காரணம் இருந்தது. ஆவுடைக்கு ஒன்பதாவது வயதில் பார்வை போயிற்று. அதற்குப் பிறகு படித்துப் பட்டம் வாங்கி, கடற்கரை ஊர்களுக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் வடிவமைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள். மின்சாரம் போன இருட்டில் ஆயிரம் பேர் எப்படி உள்ளே வருவார்கள், எங்கே முட்டிக்கொள்வார்கள், எந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள் என்று திட்டமிடுவது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளை மிஞ்சியது அந்த இணையப் பலகை ஒன்றுதான்.

நாலு ஊரில் இருக்கும் நாலு பேர் ஒரே பலகையில் ஒரே நேரத்தில் படம் வரைவார்கள், அம்பு போடுவார்கள், வண்ணச் சீட்டு ஒட்டுவார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் பழைய திரைவாசிப்பான் அதையெல்லாம் அவளுக்கு எப்படிச் சொல்லும் தெரியுமா? "மஞ்சள் சீட்டு. மஞ்சள் சீட்டு. பெயரில்லாத வட்டம். அம்பு. மஞ்சள் சீட்டு." எது எதன் பக்கத்தில் இருக்கிறது, எந்த அம்பு எங்கே போகிறது என்று ஒரு மண்ணும் விளங்காது. அவள் முதல் சீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மற்றவர்கள் முடிவெடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் தடவுபலகை வந்தது. செய்தித்தாள் அகலத்துக்கு ஒரு தட்டு. அதில் ஆயிரக்கணக்கான நுண் ஊசிமுனைகள். இணையப் பலகையில் யாராவது கோடு போட்டால் இங்கே ஊசிகள் எழும். கூடவே காதில் ஒரு குரல். ஆவுடை அதற்குக் கிட்டு என்று பேர் வைத்திருந்தாள். "முருகையன் நீலச் சீட்டை வடக்கே நகர்த்துகிறார். இப்போது அது உங்கள் சுண்டுவிரலுக்கு மேலே இருக்கிறது" என்று கிட்டு சொல்லும்போது, சுண்டுவிரலுக்கு மேலே ஒரு சின்ன மேடு எழும்பி நிற்கும். முதல் நாள் ஆவுடை அழுதேவிட்டாள். இரண்டாம் வாரம் முருகையன் வரைந்த மாடிப்படியில் ஒரு படி குறைகிறது என்று கண்டுபிடித்தாள்.

அதிலிருந்து அவளுடைய பேர் ஓங்கிவிட்டது. கூட்டங்களில் பேசத் தயங்குகிறவர்களின் மனதில் இருப்பதை அவள் எப்படியோ வெளியே கொண்டுவந்துவிடுவாள். தூத்துக்குடியிலிருந்து இணையும் இளம் பொறியாளர் ஜெசிந்தாவிடம், "கழிவறை பெண்கள் பக்கம் பத்தாதுன்னு நெனைக்கியாம்மா?" என்று கேட்பாள். ஜெசிந்தா அசந்துபோய், "ஆமாக்கா, அதைத்தான் சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்" என்பாள். சென்னையிலிருக்கும் தலைவர் ரங்கபாஷ்யம் வாய்விட்டுச் சிரிப்பார். "ஆவுடைக்கு மனசைப் படிக்கத் தெரியும். இவங்க இருக்கும்போது யாரும் கெட்டதா எதையும் நினைச்சிடாதீங்க!"

ஆவுடையும் சிரிப்பாள். இதிலென்ன மனசைப் படிப்பது? அவர்கள் பலகையில் எழுதுகிறார்கள், பிறகு அழிக்கிறார்கள். கிட்டு அதைச் சொல்கிறது. "ஜெசிந்தா எழுதுகிறார்: பெண்கள் கழிவறை பத்தாது. அழித்துவிட்டார்." எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதானே. கண் உள்ளவர்கள் எதையும் கவனித்துப் பார்ப்பதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நெய்தல்குடி என்ற கடலோர ஊருக்கான வேலை வந்தபோதுதான் சிக்கல் வெடித்தது. ஆயிரத்து இருநூறு பேர் தங்கும் கட்டடம். அடுத்த திங்கட்கிழமை அடித்தளம் தோண்டுவதாக ஏற்பாடு. கடைசிச் சரிபார்ப்புக் கூட்டத்தில் ரங்கபாஷ்யம் ஒவ்வொரு சீட்டாகத் தட்டி, "சரி, சரி, அடுத்தது" என்று ஓட்டிக்கொண்டிருந்தார். கிட்டு சொன்னது: "ஜெசிந்தா எழுதுகிறார்: இந்த இடத்தில் மண் ஆய்வு எடுக்கவே இல்லை. பக்கத்து மனையின் அறிக்கையைத்தான் வைத்திருக்கிறோம். அழித்துவிட்டார்."

ஆவுடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ரங்கபாஷ்யம் அடுத்த சீட்டைத் தட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள். "ஜெசிந்தா மண் ஆய்வு பத்தி எழுதிச்சே. அதுக்குப் பதில் சொல்லாம எப்படிப் போகமுடியும்?"

ரங்கபாஷ்யம் தட்டுவதை நிறுத்தினார்.

"நான் எதுவும் எழுதலையே" என்றாள் ஜெசிந்தா.

"எழுதினியேம்மா. பக்கத்து மனையோட அறிக்கைன்னு."

"இல்லக்கா. பலகையில அப்படி ஒண்ணும் இல்ல. பாருங்க" என்று சொல்லி, யாரிடம் பாருங்க என்கிறோம் என்று உறைத்ததும் திணறினாள்.

முருகையன் குறுக்கே வந்தார். நாகப்பட்டினத்துக்காரர், ஐம்பது வயதுக் கட்டடக் கலைஞர், நாக்கில் எப்போதும் கொஞ்சம் மிளகாய் இருக்கும். "ஆவுடைம்மா, உங்க கிட்டுவுக்கு வெயில் ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். இங்க அப்படிச் சீட்டே கிடையாது."

கூட்டம் முடிந்தது. ஆவுடைக்குக் காதுமடல் சூடாக இருந்தது. உடனே தடவுபலகை செய்கிற நிறுவனத்தில் தனக்குப் பழக்கமான மெஹருன்னிசாவை அழைத்தாள். கிட்டுவின் நிரல் எழுதிய நாலு பேரில் மெஹரும் ஒருத்தி.

"மெஹர், கிட்டு இல்லாததை எல்லாம் சொல்லுதும்மா. சரிபாரு."

மெஹர் பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தாள். "மேடம், கிட்டு சரியாத்தான் சொல்லியிருக்கு. அந்த வரியை அவங்க தட்டினாங்க. ஒட்டுறதுக்கு முன்னாடியே அழிச்சிட்டாங்க."

"அப்போ மத்தவங்க ஏன் பாக்கலை?"

"ஒட்டுறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாதே மேடம். திரையில 'ஜெசிந்தா எழுதுகிறார்'னு மட்டும் வரும். ஆனா ஒவ்வொரு எழுத்தும் தட்டத் தட்டக் கம்பியில போய்க்கிட்டுதான் இருக்கு. கிட்டு அதை நேரா உறிஞ்சுது. இல்லன்னா ஊசி எழும்புறதுக்கு நாலு விநாடி பிந்திடும். நாங்க அந்த நாலு விநாடியை மிச்சம் பிடிக்கத்தான்…" மெஹர் நிறுத்தினாள். "மேடம், நீங்க எட்டு மாசமா அழிச்சதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

ஆவுடைக்கு ஜெசிந்தாவின் மண் ஆய்வு அப்போது மறந்தே போயிருந்தது. வேறொன்று ஞாபகத்துக்கு வந்திருந்தது. தடவுபலகை வந்த முதல் வாரத்தில் முருகையன் எழுதிய ஒரு வரி. "இந்தம்மாவுக்கு ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லிக்கிட்டே இருந்தா வேலை எப்ப முடியும்? கண்ணு தெரிஞ்ச ஒருத்தரை வெச்சிருக்கலாம்."

கிட்டு அதை வாசித்தபோது அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முருகையன் எழுதியதை விட, மற்ற யாரும் ஒரு வார்த்தை கேட்காததுதான் அதிகம் வலித்தது. எல்லோரும் படித்திருக்கிறார்கள், எல்லோரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று நினைத்தாள். பால்வண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த மூன்று பேரையும் விட ஒரு மடங்கு கூடுதலாக உழைத்ததற்கு அந்த ஒற்றை வரிதான் காரணம்.

இப்போது பார்த்தால், அதை யாருமே பார்க்கவில்லை. எழுதியவரே வேண்டாமென்று அழித்திருக்கிறார்.

மாலையில் பால்வண்ணன் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"அவரு மேல கோவமா இருக்கா?"

"அதான் தெரியலைங்க. நெனச்சதுக்குக் கோவப்படணுமா, அழிச்சதுக்குச் சந்தோசப்படணுமா?"

"நானும் பணிமனையில மனசுக்குள்ள தெனம் நூறு பேரை ஏசுதேன்ளா. அதை ஒருத்தன் கேட்டுக்கிட்டிருந்தான்னா எனக்கு வேலையும் இருக்காது, பல்லும் இருக்காது." சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "அந்தத் தூத்துக்குடிப் பிள்ளைகிட்ட முதல்ல பேசு. அவ வயித்துல நீ புளியக் கரைச்சிருக்க."

ஜெசிந்தா முதல் அழைப்பிலேயே எடுத்தாள். ஆவுடை நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"அது என் மனசுக்குள்ள இருந்ததுக்கா" என்றாள் ஜெசிந்தா. "எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. ரங்கபாஷ்யம் சார் ஆய்வு முடிஞ்சிட்டதுன்னு கட்டடம் கேட்டவங்ககிட்ட சொல்லிட்டார். நான் இப்ப எடுக்கலைன்னு சொன்னா அவரைப் பொய்யாக்கின மாதிரி. எழுதிப் பார்த்தேன். எழுதினதும் பயம் வந்துட்டு. அழிச்சிட்டேன். பயப்படக்கூட ஒரு இடம் இல்லாம பண்ணிட்டீங்களேக்கா."

"தப்புதான்ம்மா. நான் இனி அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். நீ சொன்னாத்தான் உண்டு."

சொல்லி வைத்த பிறகுதான் ஆவுடைக்கு அந்த வாக்கின் கனம் தெரிந்தது. திங்கட்கிழமை தோண்டப் போகிறார்கள். ஆயிரத்து இருநூறு பேர் புயலுக்குப் பயந்து அந்தக் கட்டடத்துக்குள் வரப்போகிறார்கள். அவளுக்குத் தெரிந்த உண்மை அவளுடையதல்ல. வெள்ளிக்கிழமை வரை ஜெசிந்தாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அன்றும் ஜெசிந்தா வாயைத் திறக்காவிட்டால் தன் வாக்கை மீறுவதென்று தீர்மானித்து, ரங்கபாஷ்யத்திடம் பேசவேண்டியதைக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தின் தொடக்கத்தில் ஆவுடை முந்திக்கொண்டாள். தன் கருவி என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எல்லோருக்கும் சொன்னாள். எட்டு மாதம் எழுதி அழித்த எல்லாமே தன் காதில் விழுந்தது என்றும், தெரியாமல் கேட்டிருந்தாலும் கேட்டது கேட்டதுதான் என்றும், இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றும் சொன்னாள்.

"எல்லாத்தையுமா?" என்றார் முருகையன். அவர் நாக்கில் அன்று மிளகாயைக் காணோம்.

"எல்லாத்தையும்தான் சார்."

அப்போது கிட்டு சொன்னது: "ஜெசிந்தா எழுதுகிறார்: மண் ஆய்வு இந்த மனையில் எடுக்கப்படவில்லை." ஆவுடை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "ஒட்டிவிட்டார்" என்றது கிட்டு. ஊசிகள் எழும்பின. சீட்டு அவளுடைய உள்ளங்கையின் நடுவில் நின்றது.

ரங்கபாஷ்யம் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். கத்தினார், பிறகு கோப்பைத் தேடினார், பிறகு கத்தியதற்கு வருத்தப்பட்டார். வேலையை நிறுத்தி மண் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மீட்டர் ஆழம் வரை தூர்த்து மூடிய பழைய உப்பளம். கட்டடத்தை நானூறு மீட்டர் மேற்கே, மேட்டு நிலத்துக்கு நகர்த்தினார்கள். ஜெசிந்தாவின் வேலை அந்த மாதமே நிரந்தரமாயிற்று.

அத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ரங்கபாஷ்யம் ஆவுடையைத் தனியாக அழைத்தார்.

"யோசிச்சுப் பாருங்க ஆவுடை. அன்னிக்கு உங்க கருவி இல்லன்னா அந்த விஷயம் வெளியவே வந்திருக்காது. பயந்துக்கிட்டு எத்தனை பேர் எத்தனை உண்மையை அழிச்சிருப்பாங்க! எனக்கு ஒரு தடவுபலகை வேணும்."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே சார் இருக்கு?"

"கண்ணு இருக்கு. காது வேணும்" என்றார் அவர் உற்சாகமாக.

இரண்டே வாரத்தில் அவருக்கும் இன்னும் இரண்டு மேலாளர்களுக்கும் தடவுபலகை வந்து இறங்கியது. அந்தச் செய்தி பரவியதும் இணையப் பலகை செத்துப்போயிற்று. முருகையனும் ஜெசிந்தாவும் முதலில் காகிதத்தில் எழுதி, திருத்தி, ஆற அமர யோசித்து, பிறகு பலகையில் ஒரே மூச்சில் தட்டினார்கள். அழிப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனால் படிப்பதற்கும் ஒன்றுமில்லை. "ஏற்கிறேன்." "நன்று." "தலைவர் சொல்வது சரி." முருகையன் ஆவுடையை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் காலணிக்குள் கல் கிடப்பது போலிருந்தது.

"நிறுத்திரு மெஹர்" என்றாள் ஆவுடை தொலைபேசியில். "ஒட்டின பிறகு மட்டும் சொன்னா போதும்."

"நாலு விநாடி பிந்தும் மேடம். கேக்க கொஞ்சமா இருக்கும். ஆனா எல்லாரும் பேசி முடிச்ச பிறகு நீங்க பேசுற மாதிரி ஆயிடும்."

"எனக்கு அது புதுசா?"

"உங்களுக்குச் சரி. இன்னும் ஆயிரத்து எண்ணூறு பேர் இதை வெச்சு வேலை பார்க்கிறாங்க."

அந்த ஆயிரத்து எண்ணூறு பேரில் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு ஆவுடைக்கே பேசினார். சேலத்தில் ஆசிரியராக இருக்கும் சிங்காரவேலு. "ஏம்மா, உனக்கு மனசு குத்துதுன்னா நீ நிறுத்திக்கோ. எங்க காதை எதுக்கு அடைக்கிற? கண்ணிருக்கிறவன் அடுத்தவன் மூஞ்சியைப் பாக்குறான், உதட்டைப் பாக்குறான், இவன் சொல்ல வந்து முழுங்குறான்னு கண்டுபிடிக்கிறான். அவனை யாராவது கண்ணை மூடிக்கோன்னு சொல்றாங்களா? நமக்குக் கிடைச்சது அந்த அழிச்ச வரிதான். அதையும் குடுத்துடலாங்கிறியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆவுடை இரண்டு நாள் அதை மென்றாள். மூன்றாம் நாள் காலை, தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்துபோய் மெஹரைக் கூப்பிட்டாள்.

"ஒருத்தர் மூஞ்சியை நாம பாக்கோம்னா, அவங்க நம்மகிட்ட காட்டுதாங்கன்னு அர்த்தம். வேண்டான்னா திரும்பிக்கிடலாம். எழுதுறவங்களுக்கும் அப்படித் திரும்பிக்கிட வழி வேணும். யாருக்குக் காட்டணும், யாருக்குக் கூடாதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

"ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாவா?"

"ஆமா. தனித்தனியா. அதுவரைக்கும் எல்லாருக்கும் நாலு விநாடி."

மெஹர் தன்னோடு நிரல் எழுதிய மூன்று தோழர்களோடு சண்டை போட்டு, ஒரு மாதத்தில் அதைச் செய்தாள். சிங்காரவேலு தன் பள்ளியில் பதினோரு பேரிடம் கேட்டு, ஒன்பது பேர் தாங்கள் எழுதுவதைத் தனக்குத் திறந்துவிட்டதாகப் பெருமையோடு தகவல் அனுப்பினார்.

ஆவுடை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மறுக்க முடியாமல் திறப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ரங்கபாஷ்யம் கேட்டார். சுற்றறிக்கையே விட்டார். ஒரு வாரம் கழித்தும் ஒருவரும் திறக்கவில்லை. "என்கிட்ட என்ன ஒளிக்க இருக்கு?" என்று அவர் பலகையிலேயே பெரிய எழுத்தில் எழுதினார். அதற்கு எல்லோரும் ஒரு பூப்படத்தை ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நெய்தல்குடிக்கான புதிய வரைபடத்தைப் பார்க்கக் கூடினார்கள். நாலு விநாடி தாமதம் நிஜமாகவே தொல்லையாக இருந்தது. ஆவுடை வாயைத் திறக்கும்போதெல்லாம் பேச்சு வேறெங்கோ போயிருந்தது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினாள். ஜெசிந்தா அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஜெசிந்தா உங்களுக்குத் திறந்திருக்கிறார்" என்றது கிட்டு.

ஆவுடையின் விரல் தட்டின் மேல் அப்படியே நின்றது. நன்றி சொல்லலாமா, சொன்னால் மற்றவர்களை நெருக்குவது போலாகுமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிட்டு மறுபடியும் பேசியது.

"முருகையன் உங்களுக்கு மட்டும் திறந்திருக்கிறார்."

ரங்கபாஷ்யம் கூரையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"முருகையன் எழுதுகிறார்: அந்த முதல் வாரத்தில் நான். அழித்துவிட்டார். முருகையன் எழுதுகிறார்: ஆவுடைம்மா, நீங்க கேட்டிருப்பீங்கன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்கு. அழித்துவிட்டார். முருகையன் எழுதுகிறார்: அந்த மாடிப்படியில படி குறையுதுன்னு நீங்க சொன்னப்பவே எனக்குப் புத்தி வந்துட்டுது. அழித்துவிட்டார்."

இதற்குள் ரங்கபாஷ்யத்தின் பேச்சு கூரையை முடித்துக்கொண்டு கதவுகளுக்கு வந்திருந்தது.

"முருகையன் எழுதுகிறார்: மன்னிச்சிரும்மா."

ஆவுடை காத்திருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை போலும். கர்சர் அந்தச் சொல்லின் ஓரத்திலேயே நிற்கிறதென்று கிட்டு சொன்னது. பிறகு, "அழித்துவிட்டார்" என்றது.

உடனே ஒரு பச்சைச் சீட்டு எழும்பியது. எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டியது. "வடக்கு வாசல் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கலாம்."

"நல்ல யோசனை சார்" என்றாள் ஜெசிந்தா.

"எனக்கும் சம்மதம், முருகையன் சார்" என்றாள் ஆவுடை. குரல் லேசாகப் பிசிறியது.

ரங்கபாஷ்யம் ஆச்சரியப்பட்டார். "என்ன ஆவுடை, ஒரு கதவுக்கா இவ்வளவு உருகுறீங்க? கதவுக்குத்தானே சம்மதம் சொன்னீங்க?"

"அதுக்கும்தான்" என்றாள் ஆவுடை.